கடலோரக் கிணறு: உப்புக்கு ஒரு கணக்கு, கிருமிக்கு வேறு கணக்கு

வேதாரண்யம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது. கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வீடு. தாத்தா வெட்டிய 18 அடிக் கிணறு. தலைமுறையாகக் குடித்த தண்ணீர் சில வருடமாகக் கோடையில் கரிக்கிறது, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 900 காட்டுகிறது. பக்கத்து வீட்டில் 200 அடிக்குப் போர் போடப் போகிறார்கள், நாமும் பங்கு சேர்ந்து போட்டுவிடலாமா, இல்லை வீட்டுக்கு ஓர் ஆர்ஓ மெஷின் வாங்கினால் போதுமா, அதற்கெல்லாம் முன்னால் இந்த 900 குடிக்கத் தகுந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு மேற்கே இறால் குட்டை இருக்கிறது, கிணற்றுக்குப் பக்கத்தில் புதிதாகக் கழிவறைக் குழி தோண்டியிருக்கிறோம் என்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி இரண்டு தகவலும்தான். அவற்றுக்கு வருகிறேன்.

முதலில் போர் விஷயம், ஏனென்றால் அதற்குப் போட்ட பணம் திரும்பாது. இப்போதைக்கு வேண்டாம். உள்மாவட்டங்களில் கிணறு வற்றினால் இன்னும் ஆழம் போவார்கள், பாறை இடுக்கில் தண்ணீர் கிடைக்கும், அந்தப் பழக்கம் நம் எல்லோர் மனதிலும் ஊறிக் கிடக்கிறது. கடலோர மணலில் கதையே வேறு. அங்கே நல்ல தண்ணீர் மேலே இருக்கிறது, உப்புத் தண்ணீர் கீழே இருக்கிறது. மணல் மேட்டில் விழுந்த மழை அப்படியே உள்ளே இறங்கி, ஏற்கெனவே கீழே நிற்கும் உப்பு நீரின் மேல், எண்ணெய் மிதப்பது போல மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீரைவிடக் கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கனம் கூடுதல், அந்தச் சின்ன வித்தியாசம்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் தாத்தா 18 அடியோடு நிறுத்தியது, அதற்குக் கீழே போனால் என்ன வரும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்ததால்தான்.

இந்தக் கடலோரம் முழுக்க இதற்குச் சான்று இருக்கிறது. திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று போனவர்களுக்குத் தெரியும். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே நிற்கிறது, அதில் நல்ல தண்ணீர். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிரம்ப வெகுநேரம் ஆகும், அந்தக் கஷ்டத்தை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எந்தப் பெண்ணும் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போக வேண்டும். ஆனால் மேலாக, மெதுவாக, ஊறுகிற அளவுக்கு மட்டும் எடுப்பது என்ற அந்த முறை, நிலத்தடி நீர் படித்தவர்கள் கடலோரத்துக்குச் சொல்லும் அதே முறைதான்.

மோட்டார் போட்டால் என்ன ஆகிறது? இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தில் பாடன் கைபனும், கொஞ்சம் பின்னால் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டு சொன்னது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அதையே திருப்பிப் போடுங்கள். நிலத்தடி நீர்மட்டம் நிரந்தரமாக 1 அடி இறங்கினால், கீழே உப்பு 40 அடி மேலே ஏறி வரும். நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக நடக்காது, நடுவில் களிமண் அடுக்கு இருக்கும், இரண்டும் கலந்த சவர்ப்பு நீர் ஒரு பட்டை கனத்துக்கு இருக்கும், ஏறுவதற்குக் காலமும் பிடிக்கும். ஆனாலும் மேலே கொஞ்சம் இறங்கினால் கீழே நிறைய ஏறும் என்பது மாறாது. அதிலும் ஒரே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்து மணிக்கணக்கில் இழுத்தால், சரியாக அந்தக் குழாய்க்குக் கீழே மட்டும் உப்பு நீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். 200 அடிப் போர் முதல் மாதம் நன்றாகக் கொடுத்துவிட்டு அப்புறம் கரிக்க ஆரம்பிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அது பக்கத்து வீட்டோடு நிற்காது, உங்கள் 18 அடிக் கிணற்றுக்குக் கீழே இருக்கும் உப்பையும் சேர்த்து மேலே இழுக்கும். அதனால் அவரிடமும் பேசுங்கள். இது உங்கள் இரண்டு பேர் தண்ணீரும்தான்.

பெரிய அளவில் இதை மீஞ்சூரில் பார்த்துவிட்டோம். சென்னைக்கும் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து பல பத்தாண்டுகள் இறைத்தார்கள், விவசாயத்துக்கும் இறைத்தார்கள், கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடைசியில் அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் 2010இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நகரத்துக்கு அப்படி ஓர் ஆலை கிடைத்தது. கிணறு கெட்ட கிராமத்துக்கு அது கிடைக்காது.

டெல்டா கடலோரத்தில் சில இடங்களில் கனமான களிமண்ணுக்குக் கீழே, மேல் உப்பிலிருந்து பிரிந்து, நல்ல ஆழ்நீர் அடுக்கு இருக்கலாம் என்பது உண்மை. இருக்கிறதா என்பதைத் தேங்காய் வைத்துப் பார்ப்பவர் சொல்ல முடியாது, மண்ணின் மின்தடையை அளந்து பார்த்தால்தான் தெரியும். தோண்டினாலும் மேல் உப்பு அடுக்கு வரும் இடம் முழுக்க குழாயைச் சுற்றி சிமென்ட்டோ களிமண்ணோ இட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழாயின் பக்கவாட்டு வழியாகவே மேல் உப்பு கீழே இறங்கி நல்ல அடுக்கையும் கெடுத்துவிடும். போர் போடும் ஆட்கள் இதைச் செய்கிறார்களா என்று நின்று பாருங்கள். செலவு மிச்சம் என்று அதிகம் விடுபடுவது இந்த வேலைதான்.

சரி, 900. இந்த எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீர் நல்லது கெட்டது என்று முடிவு செய்ய முடியாது, இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தப் பேனா மாதிரி மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத் தோராயமாகச் சொல்கிறது. எந்த உப்பு என்று சொல்லாது. கிருமியை அது அறியவே அறியாது. இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 10500, 2012ஆம் வருடத்துப் பதிப்பு, மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் 900 நடுவில் நிற்கிறது. ஆனால் 900 என்பது சிப்பி, சுண்ணாம்பு கரைந்த கடினநீராக இருக்கலாம். அப்படியானால் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. அதே 900 கடல் உப்பாக இருக்கலாம். அதே 900இல் ஒரு பங்கு கழிவறைக் குழியிலிருந்தும் யூரியாவிலிருந்தும் வந்த நைட்ரேட்டாக இருக்கலாம். மூன்றுக்கும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

உங்களுடையது கரிக்கிறது என்பதால் குளோரைடு கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போது நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும். குளோரைடுக்கு விரும்பத்தக்க அளவு 250, பொறுக்கக்கூடிய எல்லை 1,000. இந்த அளவுக்கு வர எவ்வளவு கடல்நீர் கலக்க வேண்டும் தெரியுமா? கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு, அதில் 19,000 குளோரைடு. 15 லிட்டர் குடத்தில் 300 மில்லி கடல்நீர், அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே டிடிஎஸ் 700 ஏறிவிடும், குளோரைடு கிட்டத்தட்ட 380 ஏறிவிடும். கடல் கிணற்றுக்குள் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம் என்பதற்காகவும் சொல்கிறேன், இவ்வளவு குறைவான கலப்பிலேயே கிணறு கைவிட்டுப் போகும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

கரிக்கிற தண்ணீரைக் குடித்தால் என்ன, எங்கள் பாட்டி குடிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. குளோரைடு எல்லையான 1,000ஐத் தொட்ட தண்ணீர், உப்பு கடலிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு சுமார் 550 மில்லிகிராம் சோடியம் வைத்திருக்கும். வெயிலில் வேலை செய்பவர் நாளைக்கு 3 லிட்டர் குடித்தால், சோற்றில் ஒரு கல் உப்புகூடப் போடாமலே, 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல் உப்பு உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க உணவும் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. நம் வீட்டில் கருவாடும் ஊறுகாயும் வேறு இருக்கிறது. வங்கதேசத்தில் குல்னா மாவட்டத்து டாகோப் பகுதியில் கர்ப்பிணிகளிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வு, குடிநீரில் உப்பு ஏறும் வறண்ட மாதங்களில் அவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுவதைக் காட்டியது. உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரோ, சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ இருந்தால் கோடையில் கிணற்றுத் தண்ணீரை அவர்களுக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றவர்கள் மழைக்காலத்துத் தண்ணீரை, கீழே சொல்லும் பரிசோதனை சரியாக இருந்தால், குடிக்கலாம்.

காய்ச்சினால் உப்பு போகாது, ஆவியாகிற தண்ணீர் போக மிச்சத்தில் உப்பு கூடவே செய்யும். நைட்ரேட்டும் அப்படித்தான். துணியில் வடிகட்டினாலும் போகாது. தேற்றாங்கொட்டையை உரசினாலும் படிகாரம் போட்டாலும் கலங்கல் தெளியும், அவ்வளவுதான்.

இனி கழிவறைக் குழி. உப்பைப் பற்றி நாக்கு எச்சரிக்கிறது, அதனால் ஊரே அதைப் பேசுகிறது. மழைக்காலத்தில் கிணறு நிறைந்து, தண்ணீர் இனித்து, மீட்டர் 400 காட்டும்போது எல்லோரும் நிம்மதியாகக் குடிக்கிறார்கள். கடலோர ஊர்களில் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வருவது பெரும்பாலும் அந்த இனிப்பான மாதங்களில்தான். காரணம் எளிது. ஐப்பசி கார்த்திகையில் நீர்மட்டம் தரைக்குக் கீழே மூன்று நான்கு அடி வரை ஏறி நிற்கும், உங்கள் கழிவறைக் குழியின் அடிப்பாகம் அப்போது நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கும். மணல் களிமண் மாதிரி தடுத்து வைக்காது, தண்ணீர் வேகமாக ஓடும், கிருமியும் கூடவே ஓடும். குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டர் இடைவெளி என்று பொதுவாகச் சொல்வார்கள். பருமணலும் மேலான நீர்மட்டமும் சேர்ந்த இடத்தில் அதையே பாதுகாப்பு என்று நம்ப நான் தயாராக இல்லை. உங்களுடையது பக்கத்தில் என்கிறீர்கள், எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.

அதற்காகக் கழிவறையை இடிக்கச் சொல்லவில்லை, அதைவிட மோசமான யோசனை கிடையாது. குழியை மாற்றிக் கட்டலாம். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, முடிந்தால் தரைக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி, அடிப்பாகத்தைக் காரை பூசி அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நைஸ் மணல் நிரப்ப வேண்டும். நீர்மட்டம் மேலாக இருக்கும் ஊர்களுக்கு இரட்டைக் குழிக் கழிவறைக்கான நம் நாட்டு வழிகாட்டுதலே இதுதான், ஆனால் எஸ்டிமேட்டில் நைஸ் மணலுக்கும் அடிக் காரைக்கும் பணம் இருக்காது, கொத்தனாரும் யாரும் சொல்லாவிட்டால் செய்ய மாட்டார். குழி கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம் இருக்க வேண்டும். மணல் மேட்டின் உச்சியிலிருந்து தண்ணீர் இரண்டு சரிவுக்கும் பிரிந்து ஓடும், எனவே கடல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, சுற்றிலும் சிமென்ட் மேடை போட்டு, குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாய்க்கால் பிடித்துத் தூரப் போகும்படி செய்யுங்கள், மேலே வலை போடுங்கள்.

கழிவறைக் குழியிலிருந்து கிருமி மட்டும் வருவதில்லை, நைட்ரேட்டும் வருகிறது, அதற்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது எல்லை, இதில் தளர்வே கிடையாது. நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசி இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். நைட்ரேட் அளவு தெரியும்வரை உங்கள் கிணற்றுத் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள்.

கிருமிக்கு மருந்து பிளீச்சிங் பவுடர்தான், இத்தனை மலிவான மருந்து வேறு இல்லை. ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது கணக்கு. உங்கள் கிணறு 6 அடி விட்டம், அதில் இரண்டு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 5,000 லிட்டர், ஆக 12 அல்லது 13 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றி நன்றாகக் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். இரவில் செய்தால் வசதி. திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும், வாசனையே இல்லாத பவுடரைக் கொட்டிப் பயனில்லை. ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், பார்க்கிற குளோரோஸ்கோப் பஞ்சாயத்திலோ சுகாதார ஆய்வாளரிடமோ இருக்கும். பல ஊர்களில் மருந்து வாசனை பிடிக்கவில்லை என்று டேங்க் ஆபரேட்டரைக் குளோரின் போட வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த ஊர்ப் பட்டியலில் சேராதீர்கள். குடத்தில் பிடித்துச் சற்று நேரம் திறந்து வைத்தால் வாசனை குறைந்துவிடும். சந்தேகமான நாளில் நன்கு கொதிக்க வைத்து, கொதி வந்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். அப்புறம் அதே தண்ணீரில் சொம்போடு கையையும் விட்டு மொள்ளாமல், குழாய் வைத்த பானையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறால் குட்டைக்கு வருகிறேன். இதுவரை சொன்ன உப்பு கீழேயிருந்து ஏறுவது. இறால் குட்டை மேலேயிருந்து இறக்குகிறது. கடல்நீரையோ உப்பங்கழி நீரையோ கொண்டுவந்து நல்ல தண்ணீர் அடுக்குக்கு மேலேயே மாதக்கணக்கில் தேக்கி வைத்தால், அது கனம் கூடிய நீர், கீழே இறங்கத்தானே செய்யும். நாகை மாவட்டத்துக்கு இது புதிய கதை இல்லை. 1990களில் கிணறுகள் கரித்தபோது காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் ஊர் ஊராக மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. பின்னால் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, உரிமம் பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்தது. அந்த ஆணையத்தின் நெறிமுறைப்படி குடிநீர் ஆதாரத்திலிருந்து பண்ணை குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குட்டைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்கலாம்.

உப்பு மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்க முடியும், இதற்கு உங்கள் மலிவு மீட்டர் அருமையாக உதவும். மாதம் ஒருமுறை, உங்கள் கிணறு மட்டுமல்லாமல் குட்டைப் பக்கம் இரண்டு, கடல் பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று என்று சில கிணறுகளில் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள், நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் சேர்த்து. டிடிஎஸ் வைகாசியில் ஏறி மார்கழியில் இறங்கினால் அடுக்கு மெலிந்து பருக்கிறது என்று பொருள், இறைப்பைக் குறைத்தால் காப்பாற்றலாம். குட்டையை ஒட்டிய கிணறுகள் மட்டும் மழைக்குப் பிறகும் இறங்காமல் நின்றால் காரணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த நோட்டு அதிகாரிகளிடம் பேசும்போது மிகவும் பயன்படும்.

ஆர்ஓ பற்றி. உப்பை எடுக்க வீட்டில் இதைவிட்டால் பெரிதாக வழியில்லை என்பது சரி. கோடையில் 900 ஏறும் வீட்டில், குடிக்கவும் சமைக்கவும் மட்டும், வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும், அதைப் பாத்திரம் கழுவ, தரை துடைக்கப் பிடித்து வையுங்கள், கிணற்றடியில் விடாதீர்கள். ஊர்ப் பொது ஆர்ஓ நிலையத்தில் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. காசு போட்டால் 20 லிட்டர் கேன் நிரம்புகிறது, கழிவு உப்பு நீர் பின்னால் ஒரு மணல் பள்ளத்தில் இறங்குகிறது, அந்தப் பள்ளம் அதே போருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்த உப்பைத் திரும்ப அதே தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மின்சாரம் வேறு செலவு. இன்னொன்று, ஆர்ஓ தண்ணீரில் மிச்சக் குளோரின் கிடையாது. மெஷினிலிருந்து வரும்போது சுத்தமாக வந்த தண்ணீர், கழுவாத டேங்கிலும் கேனிலும் போய்க் கெட்டுவிடும், மீட்டர் மட்டும் 40 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் 400க்கு இறங்கி, நைட்ரேட்டும் எல்லைக்குள் இருந்தால் ஆர்ஓ தேவையில்லை, காய்ச்சினால் போதும். டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் உத்தரவிட்டது.

நானாக இருந்தால் போருக்கு வைத்த பங்குப் பணத்தை மழைநீர்த் தொட்டியில் போடுவேன். உங்கள் கரையில் வருடத்துக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை, பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். 500 சதுர அடி கான்கிரீட் கூரையில் ஒரு நாள் 100 மில்லிமீட்டர் பெய்தால் 4,600 லிட்டர். ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 25 லிட்டர் என்றால், மாசியிலிருந்து புரட்டாசி வரை எட்டு மாதத்துக்கு 6,000 லிட்டர்தான் வேண்டும். இரண்டு நல்ல மழையில் தொட்டி நிறைந்துவிடும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து மணல் ஜல்லி வடிகட்டி வழியாகப் பிடித்து, வெளிச்சம் படாத மூடிய தொட்டியில் வையுங்கள். எல்லாத் திறப்புக்கும் கொசுவலை கட்டாயம், இல்லாவிட்டால் டெங்கு கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். இதற்கும் குளோரின் அளவோடு போட வேண்டும். உப்பும் இல்லை, நைட்ரேட்டும் இல்லை. தொட்டி நிறைந்த பின் வழியும் மழையைக் கிணற்றடி மணலுக்குள் விடுங்கள், நல்ல தண்ணீர் அடுக்கு கனக்கும். ஊர் அளவில் என்றால் ராமநாதபுரத்து ஊருணிகளைப் பார்க்கலாம், ஆடு மாடு இறங்காமல் கரை கட்டி, ஓரத்தில் மணல் வடிகட்டியோடு கிணறு வைத்து அடிபம்பில் எடுக்கும் ஊருணிகள் இன்றும் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் உங்கள் பக்கம் வருகிறது. வருகிற நாளில் அதைக் குடிக்க மட்டும் தனியாகப் பிடித்து வையுங்கள். அது நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் அதுவும் புகார் செய்ய வேண்டிய விஷயம், ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று உங்கள் கரையில்தான் ஏறியது, இன்னொன்று வராது என்று யாரும் சொல்ல முடியாது. கடல்நீர் ஏறிக் கிணறு கெட்டால், மோட்டாரை வைத்துத் திரும்பத் திரும்ப முழுக்க இறைக்கிற தவறைச் செய்யாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு அப்படி இறைத்ததில் கீழ் உப்பும் ஏறிச் சில கிணறுகள் இன்னும் மோசமாயின. சேற்றை எடுத்து, தேங்கியதை ஒருமுறை மெதுவாக இறைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்காகப் போட்டு, மழைக்கு விட்டுவிட வேண்டும். அதுவரை வெளித் தண்ணீர்தான்.

பரிசோதனைக்கு நாகப்பட்டினத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் தனியார் கிணற்றுத் தண்ணீரையும் பார்ப்பார்கள். ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர், சுத்தமான பிளாஸ்டிக் கேனில், அதே தண்ணீரால் கேனை அலசிவிட்டு எடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் கொடுக்கும் பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும், அதை அலசக் கூடாது, ஐஸில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். குளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி, இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இடைப்பட்ட மாதங்களுக்கு ஊரிலேயே செய்ய எச்2எஸ் பாட்டில் இருக்கிறது, தண்ணீரை ஊற்றி மூடி வைத்து ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக் கலப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது, உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே என்று பஞ்சாயத்தில் கேளுங்கள், பல இடத்தில் பீரோவுக்குள் பூட்டியிருக்கும்.

வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள், உப்புக்காக வைகாசியில் ஒன்று, கிருமிக்காக மழை நடுவிலோ முடிந்த கையோடோ ஒன்று. மார்கழி தையில் எடுத்த அறிக்கை மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்குள் கைக்கு வந்துவிடும், வைகாசி அறிக்கை ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வந்துவிடும். கழிவறைக் குழியின் மணல் உறை, இறால் குட்டையின் பதிவு, ஆர்ஓ கழிவுநீர் போகும் இடம், இந்த மூன்றையும் அறிக்கையோடு சேர்த்து வைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை விடாதீர்கள்.